உள்ளுக்குத் துணி விடாதவள்

எனக்கு எண்பத்தொரு வயது. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தம்பி விட்டுப்போனது. ஏழும் தலை சீவி, சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போனதுகள். இன்றைக்கு ஏழும் ஏழு வீட்டில் நன்றாக இருக்குதுகள். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு மட்டுந்தான். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், அதற்கு மேலே எழுதினால் விரல் வலிக்கும். எழுத்தெல்லாம் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கிறது என்று பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னறையில் குடியிருந்த ஒரு தையல்காரியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் எழுதமாட்டேன். அவளைக் கேட்காமல் அவளுடைய பெயரைக் கடதாசியில் போட எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் வழி இல்லை. நான் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள்.

சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணத்துச் சனம் ஒவ்வொன்றாய்க் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. என் அவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தார். பின்னறை சும்மா கிடந்தது. தெரிந்த ஃபாதர் ஒருவர் கடிதம் கொடுத்து அவளை அனுப்பினார். ஒரு கைமெசின், ஒரு சூட்கேஸ், ஒரு மண்பானை. ரயிலிலும் பஸ்ஸிலும் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை, கொழும்பில பானை விக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"இது என்ர பானை, அக்கா" என்றாள். கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அதற்கு மேலே நான் கேட்கவில்லை.

முப்பது வயது இருக்கும். அவளுடைய மணிக்கட்டை நான் பிடித்தால் என் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அவ்வளவு மெலிவு. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதை எடுக்காமலே கதைப்பாள். எதிரில் வருகிறவர்களின் முகத்தை அவள் பார்த்து நான் காணவில்லை. கண் நேரே இடுப்புக்குப் போகும். கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிற சனத்தைக்கூட அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஏன் பிள்ளை, குனிஞ்சு கொண்டே நிக்கிறாய்?" என்றால், "மற்றவை முகத்தைப் பாத்துச் சுகம் விசாரிக்கட்டும் அக்கா, நான் இடுப்பைப் பாத்து விசாரிக்கிறன்" என்பாள்.

தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிளவுஸ் தைக்கும்போது இரண்டு பக்கத்திலும் உள்ளுக்கு ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு வைத்தால் தையலைப் பிரித்து விரித்துக்கொள்ளலாம். கேட்காமலே விடுவார்கள். இவள் விடமாட்டாள். அரை விரல் அகலம் விட்டு மிச்சத்தை நறுக்கென்று வெட்டிவிடுவாள்.

"உள்ளுக்குக் கொஞ்சத் துணி விடும் தங்கச்சி. நாளைக்கு உடம்பு வைச்சால் என்ன செய்யிறது?"

"வையாதேங்கோ."

இவ்வளவுதான் அவளுடைய பதில். வந்தவர்களின் அளவையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். இரண்டாம் முறை தைக்க வரும்போது அந்தக் கொப்பியைத் திறப்பாள். "போன வருசம் முப்பத்திரண்டு. இப்ப முப்பத்தைஞ்சு. இந்த மூண்டு அங்குலம் எங்கயிருந்து வந்தது?"

எங்கள் ஒழுங்கையில் ஒரு கடைக்காரரின் மனிசி இருந்தாள், வாய்க்காரி. "நீ தைக்க வந்தனியோ, விசாரணைக்கு வந்தனியோ? பொலிஸ்தான் எங்களை நிப்பாட்டி நிப்பாட்டிக் கேள்வி கேக்குதெண்டால் நீயுமோ?" என்று துணியைப் பறித்துக்கொண்டு போனாள். பிறகு திரும்பி வந்தாள். தையல் அவ்வளவு நல்லது, அதனால் வந்தாள்.

ஒன்று மட்டும் தைக்கவே மாட்டாள். ஹவுஸ்கோட், கழுத்திலிருந்து கால் வரைக்கும் தொளதொளவென்று தொங்குகிற அங்கி. கொழும்பில் அப்போது வீட்டுக்குள் இருக்கிற பெண்களெல்லாம் காலை முதல் இரவு வரை ஹவுஸ்கோட்டில்தான் இருந்தோம். நானும்தான். "அதுக்குள்ள ஒரு ஊரே வளரலாம், போட்டிருக்கிற ஆளுக்குத் தெரியாது" என்பாள்.

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போவாள், அங்கே ஒரு லொட்ஜில் அளவெடுக்க. அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். சிங்களம் இரண்டு சொல்லுக்கு மேலே வராது. எனக்கு வாய் நிறையச் சிங்களம் வரும். அதனால் துணைக்கு நானும் போவேன். அந்த லொட்ஜ் நிறைய வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கிற பெண்கள். ஒருத்திக்குக் கனடா, ஒருத்திக்கு லண்டன், ஒருத்திக்கு எந்த நாடு என்று அவளுக்கே தெரியாது. வெளியே காலை வைத்தால் சோதனை, பிடித்தால் பொலிஸ். அதனால் கட்டிலில் இருந்து டிவி பார்ப்பது, பார்சல் சோறு, பின்னேரம் ரோல்ஸ், இரவுக்குக் கொத்துரொட்டி. எல்லாரும் ஹவுஸ்கோட்.

ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பிளவுஸ். மாப்பிள்ளை கனடாவில். இவள் நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்தேழு.

"இஞ்ச வரேக்க எவ்வளவு இருந்தீர்?"

"இருபத்தெட்டு இருக்கும் அக்கா. அங்க சைக்கிள் உழக்கித்தானே எல்லாம். விறகுக்குப் பத்துக்கட்டை தூரம், மண்ணெண்ணெய்க்குப் பத்துக்கட்டை தூரம்."

"மாப்பிள்ளை போட்டோவைக் கையில வைச்சுக்கொண்டு எயர்போட்டில உம்மைத் தேடப் போறார். நீர் அவருக்குப் பக்கத்தில நிண்டு, ஆரைத் தேடுறீங்கள் எண்டு கேக்கப் போறீர்."

அறை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். மூலைக் கட்டிலில் இருந்த பெரியம்மா ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு ஊரில சீனி வருத்தம் இருந்தது. பிறகு சாமான் வராமல் விட்ட நேரம், அரை வயிறும் நடையுமாய் நான் மெலிஞ்சு, மருந்தில்லாமலே சீனி இறங்கிட்டுது. இஞ்ச வந்து ஆறு மாசம். திரும்ப ஏறிட்டுது." தையல்காரி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, எத்தனை மாதத்தில் எவ்வளவு மெலிந்தார், எப்போது இறங்கியது என்று விபரமாய்க் கேட்டாள். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இனி என் கதை.

மூத்தவளின் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பட்டுப் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். நாடாவைச் சுற்றினாள். முப்பத்தொன்பது என்று கொப்பியில் எழுதினாள். வாயிலிருந்த ஊசியை எல்லாம் எடுத்து வைத்தாள். அப்படி எடுத்து வைத்து அவள் கதைத்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா ரத்தம் சோதிக்கோணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு பிள்ளையைத் தூக்கின இடுப்படி இது. நீ ஒண்டைத் தூக்கிப்போட்டு வந்து கதை" என்றேன். கல்யாணம் ஆகாத பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல். சொல்லிவிட்டேன். அவள் திரும்பவும் ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஏதோ எடுக்கப் பின்னறைக்குப் போனேன். மெசின் லாச்சியைத் திறந்து வைத்துக்கொண்டு டொபி சாப்பிடுகிறாள். ஒன்றல்ல, மூன்று கடதாசி கீழே கிடக்கிறது, நாலாவது வாயில். லாச்சிக்குள் இன்னும் ஒரு பை. முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. களவு பிடிபட்ட நடுக்கம் என்று நான் நினைத்தேன்.

"ஓகோ! எங்களுக்கு அளவு நாடா, உனக்கு டொபியோ?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. துணியை எடுத்துக்கொண்டு சந்தியில் இருந்த ஆண் தையல்காரரிடம் போனேன். அவர் உள்ளுக்கு இரண்டு அங்குலம் விட்டு, "அம்மாவுக்கு ராசாத்தி மாதிரி உடம்பு" என்று சொல்லித் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நின்றேன். அவள் கடைசி வரிசையில் இருந்து என் இடுப்பைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் எனக்குத் தாகம் தொடங்கியது. தண்ணீர் குடித்துக் குடித்து மாளாது. காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். சீனி மிகக் கூட. டொக்டர் குளிசை தந்தார். "மூன்று மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான்" என்றார். என் பெரியக்காவுக்கு ஊசி தொடங்கின அடுத்த வருடம் காலை எடுத்தார்கள். ஊசியால்தான் எடுத்தது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் கால் போய்விட்டது போல இருந்தது. வீட்டில் இன்னும் ஐந்து பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பின்பக்கத்துத் தண்ணீர்ப் பைப்படியில் போய் இருந்தேன். அவள் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

"எவ்வளவு இருந்தது, அக்கா?"

"என்ன எவ்வளவு?"

"சீனி."

நான் சொன்னேன். சொல்லும்போது அழுதேன் என்று எழுதத் தேவையில்லை. அவள் என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்குக் கீழேயிருந்து அந்தப் பானையை இழுத்தாள். உள்ளே ஈர மணல். மணலுக்குள் ஒரு தகரப்பேணி. பேணிக்குள், சூடு ஏறாமல் இருக்க, சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். ஒன்றை எடுத்து, ஊசியில் ஏற்றி, சட்டையை ஓரமாய்த் தூக்கி, என் கண்ணுக்கு முன்னால் தன் வயிற்றில் குத்திக்கொண்டாள். தைக்கும்போது துணியில் குத்துகிற அதே முகம்.

"பன்ரெண்டு வயசில இருந்து போடுறன். காலையும் பின்னேரமும். கால் ரெண்டும் இருக்குது, பாருங்கோ."

"அந்த டொபி?"

"மருந்து கூடினால் சீனி கீழ விழும். அப்ப வேர்க்கும், நடுங்கும். டொபி போடாட்டில் நான் விழுந்துபோவன். ஒருவருக்கும் சொல்லேல்லை அக்கா. சீனிக்காரி எண்டால் ஆர் அறை தருவினம்? ஊசி வைச்சிருக்கிறாள் எண்டு வேற கதை வரும்."

பிறகு சொன்னாள். அவள் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மறக்கவில்லை. "வயித்துக்குப் பின்னால சதையி எண்டு ஒண்டு இருக்குது. அதுதான் இன்சுலினைச் சுரக்கிறது. என்ர சதையியில அந்த ஊத்துச் செத்துப்போச்சு. நான் பட்டினி கிடந்தாலும், நடந்தாலும், கோயிலுக்கு நேந்தாலும் ஒரு சொட்டு வராது. உங்களுக்கு அப்பிடியில்லை. உங்கட ஊத்து உயிரோட இருக்குது. ஆனால் உடம்பில கொழுப்பு ஏற ஏற, இன்சுலின் சொன்னதை உடம்பு கேக்காது. அப்ப சதையி கூடக் கூடச் சுரக்கும். சுரந்து சுரந்து களைச்சுப்போகும். பிறகு அந்தக் கொழுப்பு ஈரலுக்குள்ள ஏறி, சதையிக்குள்ளயும் ஏறி இருந்துகொண்டு, சுரக்க விடாது. கையில காலில தெரியிற சதை பெரிசில்லை. இடுப்புக்குள்ள இருக்கிறதுதான் கரைச்சல். இப்பத்தானே துவங்கியிருக்கு. இறக்கினால் திரும்பச் சுரக்கும் அக்கா. கனகாலம் விட்டால் சுரக்காது."

"இதெல்லாம் ஆர் சொன்னது உனக்கு?"

"கிளினிக் டொக்டர். எனக்கு ஏன் இப்பிடி எண்டு கேட்டுக் கேட்டு அவரின்ர உயிரை எடுத்தனான்." கொஞ்ச நேரம் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாரிட்டயும் இருக்குது. எனக்கு மட்டும் இல்லை. இருக்கிறதைக் கொழுப்பை வைச்சு அமத்திறீங்களே எண்டுதான் எனக்குக் கோவம் வாறது. வேற ஒண்டுமில்லை."

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். அன்றைக்கும் கேட்கவில்லை. "அந்தப் பானையைத் தூக்கு. பிரிட்ஜில வைப்பம்" என்றேன். பட்டர் வைத்த தட்டைக் காலி பண்ணி அவளுடைய போத்தல்களை வைத்தேன். பிள்ளைகளிடம் அதைத் தொட்டால் கை முறியும் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து நடை. விடிந்து வெளிச்சம் வந்ததும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஜிந்துப்பிட்டி வரைக்கும் போய்த் திரும்புவோம். அவள் முன்னால், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு. சோற்றை அரைவாசியாக்கினாள். பாண் நின்றது, குரக்கன் பிட்டு வந்தது. தேங்காயை நான் திருவினால் பக்கத்தில் வந்து நின்று போதும் என்பாள். சம்பலில் கைவைக்க விடமாட்டாள். "என்ர வீட்டிலயே எனக்குச் சோத்துக்குப் பெர்மிட் எடுக்கவேண்டிக் கிடக்குது" என்று நான் கத்தினால், என் அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரிப்பார். மாதக் கடைசியில் நாடா. முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. ஒரு மாதம் ஒன்றும் இறங்கவில்லை. அவள் என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. முப்பத்தாறு.

மூன்று மாதம் முடிய டொக்டர் கடதாசியைப் பார்த்து, இன்னும் ஒரு மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு குளிசையைப் பாதியாக்கினார். வருடம் முடிய, முப்பத்துநாலில், குளிசையும் நின்றது. ஊசி வரவில்லை. என் கால்கள் இரண்டும் இன்றைக்கும் நிலத்தில் நிற்கின்றன. அந்தச் செய்தியோடு நான் வந்த அன்று, அவள் மூத்தவளின் கல்யாணத்துக்கு நான் போட்ட பிளவுஸைக் கேட்டு வாங்கி, இடுப்பைப் பிடித்துத் தைத்து, அந்தத் தையல்காரர் உள்ளுக்கு விட்ட இரண்டு அங்குலத்தையும் வெட்டி என் கையில் தந்தாள். "இனித் திரும்பி வர வழி இல்லை" என்றாள்.

ஒருநாள் காலை வீடு வீடாய்ச் சோதனை. யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரரை எல்லாம் பொலிஸ் வண்டியில் ஏற்றினார்கள், அவளையும். ஊசி போட்டு முடித்து, சாப்பிடக் கோப்பையை எடுத்த நேரம். சாப்பிட விடவில்லை. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் என்ன நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியும். ஹவுஸ்கோட்டோடு ஓடினேன். ஸ்டேஷன் வாங்குப் பலகையில் இருக்கிறாள், வேர்த்து நனைந்து, கண் செருகி.

"மாத்தயா, மெயாட்ட தென்ம கன்ன தென்ன ஓன! நெத்தங் மெரெய்!" உடனே சாப்பிடக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடுவாள் என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த பெரிய அதிகாரியும் வெளியே வந்துவிட்டார். மேசையில் இருந்த ஒரு பொலிஸ்காரர் எழுந்து தன்னுடைய பிளேன்டீயை நீட்டினார். நான் சீனிப் போத்தலைக் கேட்டு வாங்கி ஐந்து கரண்டி போட்டுக் கலக்கி அவள் வாயில் ஊற்றினேன். கால் மணித்தியாலத்தில் கண்ணைத் திறந்தாள். முதலில் அந்தப் பொலிஸ்காரரின் தொந்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "நாப்பத்திரண்டு இருக்கும், அக்கா."

பின்னேரம் விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சிரித்தேன், அழுதேன்.

பிறகு சமாதானம் என்றார்கள். வடக்குக்குப் பாதை திறந்தது. அவளுடைய அம்மா இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் தனியாக இருந்தார். போகப்போகிறேன் என்றாள். போகாதே என்று சொல்ல நான் யார்? "மருந்தை இஞ்சயே வைச்சிருங்கோ. அங்க கரண்ட் இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போறன்" என்றாள். சொன்னபடியே வந்தாள். வந்து இறங்கினதும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள், நாடாவை எடுப்பாள். அந்த இரண்டு மாதமும் அரைச் சோற்றோடு நான் எழும்பினதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

ஒருமுறை போனவள் திரும்பி வருவதற்குள் மறுபடியும் சண்டை தொடங்கி, பாதையை மூடிவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம். பிரிட்ஜில் ஆறு போத்தல் இந்தப் பக்கம்.

கேட்காத ஆள் இல்லை. மருந்து கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றார்கள், அனுமதிக்கு இன்னொரு அனுமதி என்றார்கள். கடைசியில் அவளை அனுப்பின அதே ஃபாதர் அந்தப் பக்கம் போகிறபோது இரண்டு போத்தலைப் பிளாஸ்கில் வைத்துக் கொண்டுபோனார். மூன்று மாதம் கழித்து ஒரு துண்டுக் கடதாசி வந்தது. பேத்தியின் அம்மாதான் வாசித்துச் சொன்னாள். "கிடைச்சது அக்கா. குளிர் விடேல்லை. ஆஸ்பத்திரியிலும் இடைக்கிடை தருகினம். இப்ப எத்தனை அங்குலம் எண்டு எழுதி அனுப்புங்கோ."

முப்பத்துமூன்று என்று நானே என் கையால் எழுதினேன். அதைக் கொண்டுபோக ஒருவரும் கிடைக்கவில்லை.

நாலு போத்தல் மிச்சம். போத்தலில் மருந்து காலாவதியாகிற நாள் அடித்திருந்தது. இன்னும் ஆறு கிழமை. அப்போது கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி என்போம், வீட்டுக்கு வந்தார். ஒழுங்கைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஒன்பது வயது, தையல்காரிக்கு வந்த அதே வருத்தம். கிளினிக்குக்கு மருந்து வந்து சேரவில்லை. உங்களிடம் இருக்கிறதாமே என்றார்.

"அது ஆளுள்ள மருந்து, மிஸ்ஸி."

"ஆள் எங்க அம்மா?"

அந்தப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது. மணிக்கட்டைப் பார்த்தேன். எழும்பிப் போய்ப் பிரிட்ஜைத் திறந்தேன். மூன்றைக் கொடுத்தேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். அவள் வந்து கேட்டால் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று வைத்தேன். நாலையும் கொடுத்தால் அவள் வரமாட்டாள் என்று நானே சொன்னதாகிவிடும் என்று வைத்தேன். அது பிழை. நாள் கடந்துபோய் அந்தப் போத்தல் ஒருவருக்கும் உதவாமல் போனது. அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் கொஞ்ச நாளைக்குப் போதுமாயிருந்திருக்கும். அந்தக் கிழமையே கிளினிக்குக்கு மருந்து வந்துவிட்டது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பிழை பிழைதான்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த சனத்தில் நான் விசாரிக்காத ஆள் இல்லை. மெலிந்த தையல்காரி, வாயில் ஊசி வைத்திருப்பாள் என்பேன். ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அங்க எல்லாரும் மெலிவுதான் அம்மா." அதற்குப் பிறகு நான் மெலிந்த என்ற சொல்லைச் சொல்லிக் கேட்பதில்லை.

இருக்கிறாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் இருக்கிறேன், இரண்டு காலோடு. இதை எழுதி முடிக்க நாற்பது நாள் ஆனது.

குஞ்சு, இஞ்ச வா. இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. என்ர எழுத்துப் பெரிசுதானே, கண்ணாடி தேவையில்லை. சத்தமா, ஆறுதலா வாசி. அந்த ஒரு போத்தலை நான் வைச்சுக்கொண்ட இடம் வரேக்க நிப்பாட்டி, பரவாயில்லை அம்மம்மா எண்டு மட்டும் சொல்லாத. வாசிச்சுக்கொண்டு போ.